கறுப்பு மெழுகும் நான் கொடுத்த பொய்ப் புகாரும்

அனுப்புநர்:
கம்பான் சீலாவோங், வயது 71,
சடங்குப் பாடகர்,
நோங் தாமூன் கிராமம்.

பெறுநர்:
மாகாணப் பொதுச் சுகாதாரத் தலைமை அலுவலர் அவர்கள்.

பொருள்: கீழ்த்தாடையில் பொருத்திய பல் திருகு ஆடிப்போனது தொடர்பாக நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல்; பல் மருத்துவர் ரத்சனீ அவர்கள் மீதான விசாரணை.

பார்வை: என் புகார் மனு, நாள் 24 ஜூன், புத்த ஆண்டு 2567.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட புகாரை எழுதிக் கையெழுத்திட்டவன் நான். அது பொய்ப் புகார். இதைக் கடைசிப் பத்தியில் மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் முதலில் எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துப்போட்ட பிறகு, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நடந்தவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கீழே வைக்கிறேன்.

1. துறவு பூணப் போகும் இளைஞனை உட்காரவைத்து, அவனைப் பெற்று வளர்க்கத் தாய் பட்ட பாட்டையெல்லாம் பாடி, அவன் உயிரை உடம்போடு சேர்த்து நூல் கட்டும் சடங்கை முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்தத் தொழிலுக்கு முதலே வாய்தான். ஒன்பது ஆண்டுகளாக என் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மேல் பல்செட் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். கீழ் பல்செட் நாக்கு அசைந்தாலே எழும்பிவிடும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு சடங்கில் பாட்டின் உச்சத்தில் அது வழுக்கி, எதிரே இருந்த பிச்சைப் பாத்திரத்துக்குள் விழுந்தது. கூட்டத்தில் ஒருவன், “பெரியவரோட பல்லும் சாமியாராப் போகுதுடோய்” என்றான். தாய்கூட அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு என்னை அழைப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

2. இந்நிலையில் எங்கள் வட்டார மருத்துவமனைக்கு வந்த டாக்டர் ரத்சனீ, முதியவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு திருகுகளை வைத்து, அவற்றின் மேல் பல்செட்டை மாட்டிக்கொள்ளும் வைத்தியத்தைத் தொடங்கினார். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. மார்ச் 14ஆம் நாள் திருகுகளை வைத்தார். வலி தெரியவில்லை. திருகு எலும்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று காட்டும் சிறு கருவி ஒன்றை அதன் அருகே பிடித்து, இடப்பக்கம் எழுபது, வலப்பக்கம் அறுபத்தெட்டு என்று எனக்கும் காட்டினார். “நல்ல எலும்பு பெரியப்பா உங்களுக்கு” என்றார். எழுபத்தொரு வயதில் என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

3. இரண்டு வாரம் கழித்து, திருகுகளின் தலை படக்கூடாது என்பதற்காக என் பழைய கீழ் பல்செட்டின் அடியில் இரண்டு இடங்களில் குழி குடைந்து கொடுத்தார். அப்போது சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன்: “மூணு மாசம் ஆகணும் பெரியப்பா, எலும்பு திருகைப் பிடிச்சுக்க. அதுவரைக்கும் அதுமேல எதுவும் அழுத்தக் கூடாது. இந்தப் பல்செட் முன்னைவிட ஆடும். ஆடட்டும், விட்டுருங்க. கஞ்சி, மீன்னு மெதுவாச் சாப்பிடுங்க. பாட்டு வேணாம்.” நான் தலையாட்டினேன். ஆகவே இதெல்லாம் எனக்குச் சொல்லப்படவில்லை என்று புகாரில் நான் எழுதியது முழுப் பொய்.

4. மே மாதம் முதல் ஞாயிறு பக்கத்து ஊரில் ஒரு துறவுச் சடங்கு. பாத்திரத்தில் பல் விழுந்த அதே ஊர். அவர்களே திரும்ப வந்து அழைத்தபோது, மூன்று மாதம் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூங்கில் குழல்களை அடுக்கி ஊதுவாத்தியம் செய்யும் என் நண்பர் பூன்லெர்ட்டின் வீட்டுக்குப் போனேன். குழல்களின் சந்தில் காற்று கசியாமல் அப்புவதற்குக் கொசுத்தேனீயின் கறுப்பு மெழுகை அவர் வைத்திருப்பார். என் பல்செட் ஆடுகிறது என்று மட்டும் சொன்னேன். “ஏழு வருஷம் ஊதியும் என் மெழுகு அசையல. உன் வாயில மூணு மணி நேரம் நிக்காதா?” என்று ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தார். மருத்துவர் தடுத்திருந்ததை நான் அவரிடம் மறைத்ததால், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

5. ஐயா, எந்தக் குழிகளை டாக்டரம்மா என் நன்மைக்காகக் குடைந்தாரோ, அதே இரண்டு குழிகளிலும் மெழுகைச் சூடாக்கி அடைத்தேன். பல்செட்டைத் திருகுகளின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி இறுக்கினேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேரம் பாடினேன். பாலி மொழிச் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தன. தாயும் அழுதாள், தாய்மாமனும் அழுதான். பந்தியில் ஒட்டரிசிச் சோறும் காய்ந்த மாட்டிறைச்சியும் வைத்தார்கள். அதையும் அந்தப் பல்லாலேயே கடித்து இழுத்துத் தின்றேன். ஒன்பது ஆண்டுகளில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ருசியில் மேலும் இரண்டு சடங்குகளுக்கு மெழுகோடு போனேன்.

6. ஜூன் 17ஆம் நாள் மருத்துவமனைக்குப் போனபோது கருவி இடப்பக்கத் திருகுக்கு முப்பத்தெட்டு காட்டியது. டாக்டரம்மா கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் முப்பத்தெட்டு. விரலால் தொட்டபோது திருகு சுற்றியது, கையோடு வந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் தப்பித்தது. திருகின் தலையில் போட்டிருந்த சிறு மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, “இது என்ன பெரியப்பா, கறுப்பா?” என்று கேட்டார். “தெரியலையேம்மா” என்றேன். முந்தின நாள்தான் மெழுகைச் சுரண்டிப்போட்டு, பல்செட்டை உப்புத்தண்ணீரில் கழுவி வைத்திருந்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. “நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன் போல” என்று செவிலியரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

7. ஊர்த்தலைவர் ப்ராயூன் விசாரிக்க வந்தார். “சின்னப் பொண்ணு, உங்க வாயில கை பழகியிருக்கு. இதைச் சும்மா விட்டா நாளைக்கு எங்கம்மா வாயிலயும் பழகும்” என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே புகாரை எழுதிக் கையெழுத்திட்டேன். என் மெழுகை ஊர் அறிந்துவிடும் என்ற பயத்துக்கு அந்தப் புகார் நல்ல போர்வையாக இருந்தது. தங்கள் அலுவலகம் திருகு வைத்தியத்தை நிறுத்திவைத்தது. பட்டியலில் எனக்குப் பின்னால் பதினொரு பேர் அரைத்த சோற்றோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவரின் தாயார் அதில் நான்காவது.

8. இம்மாதம் 8ஆம் நாள் டாக்டர் ரத்சனீ என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதற்கான பூத்தட்டும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து, என் முன்னால் மண்டியிட்டார். “தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு வலி குடுத்திருந்தா மன்னிச்சிருங்க பெரியப்பா. விசாரணை முடிஞ்சா இங்க இருப்பேனோ மாட்டேனோ. அதுக்கு முன்னாடி கேட்டுரணும்னு வந்தேன்” என்றார். முறைப்படி தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கிக்கொண்டேன். மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்த வேண்டும்; கட்டினேன், வாழ்த்தினேன். உண்மையைச் சொல்லாத வாயால் அந்தப் பெண்ணை வாழ்த்தினேன். ஐயா, இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் போன பிறகு என் மனைவி புவாலாய், “எத்தனை பேருக்கு நூல் கட்டியிருக்கீங்க, இன்னைக்கு ஏன் அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்காமலே கட்டினீங்க?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

9. ஆகவே என் புகாரைத் தள்ளுபடி செய்து, நிறுத்திய வைத்தியத்தை உடனே தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். போன திருகுக்குப் பதில் எனக்கு வேறு வைக்க வேண்டாம். அந்தப் பதினொரு பேருக்கும் முடியட்டும். பொய்ப் புகாருக்கு என்ன தண்டனையோ அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கறுப்பு மெழுகில் மிச்சமிருந்த துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். மருத்துவமனையில் சுரண்டி எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புகாரை வட்டார மாதக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த மனுவையும் அங்கேயே வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன். கீழ் பல்செட்டை இப்போது மாட்டுவதில்லை; அது இல்லாமல் என் பேச்சு கொழகொழவென்றுதான் இருக்கும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

10. கடைசியாக ஒன்று. வரும் 29ஆம் நாள் விசாரணை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அன்று காலையில் தயவுசெய்து முதலில் என்னைக் கூப்பிடுங்கள். டாக்டரம்மாவை முதலில் கேட்டால், தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இடம்: நோங் தாமூன்
நாள்: 19 ஆகஸ்ட் 2567

தலைகுனிந்து கையெழுத்திடும்,
கம்பான் சீலாவோங்

இணைப்பு: மெழுகுத் துண்டு ஒன்று, தாளில் பொதிந்தது.