கறுப்புக்குள் ஒரு கட்டம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் பெருக்கித் துடைக்கும் எக்ஸ்ரே அறைக்கு நேற்று மானிட்டர்களைச் சரிபார்க்கும் பெண் வந்தார். உதவுவதாக நினைத்து, இந்த அதிமேதாவி விளக்கைப் போட்டேன்.

“அணைங்கண்ணே, இருட்டுலதான் திரை வெளிச்சத்தை அளக்க முடியும்,” என்று சிரித்தவர், திரையைக் காட்டி, “இந்தக் கறுப்புக்குள்ள ஒரு கட்டம் தெரியுதா?” என்றார்.

“ஒண்ணும் தெரியலையேம்மா.”

“அதான் கோளாறு. இது தெரியலன்னா நுரையீரல்ல இருக்குற சின்னப் புள்ளியும் டாக்டருக்குத் தெரியாது.”

அளவுக் கருவியைத் திரையில் வைத்து ஏதோ மாற்றினார். சாம்பல் கட்டம் மெல்ல எழுந்து வந்தது. அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சார்ஜை மிச்சம் பிடிக்கும் கஞ்சன் நான், தங்கியிருக்கும் அறைக்கு வந்ததும் போனில் வெளிச்சத்தைக் கூட்டி உன் போட்டோவைப் பார்த்தேன். உன் பின்னால், கதவோரத்து இருட்டில், பாப்பா நின்றுகொண்டிருக்கிறாள். தினமும் பார்த்த படம்தான்.

அவளை முன்னால் நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் ஒன்று எடுத்து அனுப்பு. டூட்டிக்கு நேரமாயிற்று.

பாப்பாவின் அப்பா