கோயிலைக் கண்டதும் எழும்பும் கை

சிவமயம்

பருத்தித்துறை,
ஐப்பசி வெள்ளி.

அன்பு மகள் மதுராவுக்கு அம்மா எழுதுவது. கடற்கரைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் பார்த்தீபனும் என் செல்லப் பேரன் அருட்செல்வனும் அப்படியே இருக்க வேண்டும். நாள்தோறும் போனில் கதைக்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் புத்தி சொன்னால் சரி அம்மா, சரி அம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஜெசிதா ரொறன்ரோவுக்கு வருகிறாள், மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் இதையும் வைத்து அனுப்புகிறேன், கருவாடு மணந்தால் குறை நினைக்காதே.

நீ கார் ஓட்டுகிற சோதனையில் தவறியதை மருமகன் சொன்னபோது முதலில் கவலைப்பட்டேன், காரணத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை, கோபிக்காதே பிள்ளை. திரும்பினது சரி, நிறுத்தினது சரி, எல்லாம் முடிந்து வருகிற நேரம் கடை வரிசைக்குள் இருக்கிற முருகன் கோயிலைக் கண்டதும் ஸ்ரியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாயாமே. பக்கத்தில் இருந்த சோதனைக்காரப் பெண் பாய்ந்து பிடித்திருக்கிறாள். நான் சாமி கும்பிட்டேன் என்று நீ சொல்ல, அந்த நேரத்தில் தானும்தான் கும்பிட்டதாக அவள் சொன்னாளாம். நல்ல மனுசி.

இது யாருடைய பழக்கம் என்று எனக்குத் தெரியாதா. உன் அப்பா மோட்டார் சைக்கிளில் நெல்லியடிக்குப் போய் வருவதற்குள் வைரவருக்கு ஒரு கை, பிள்ளையாருக்கு ஒரு கை, அம்மனுக்கு இரண்டு கை. முன்னால் பெற்றோல் தாங்கியின் மேல் குந்தியிருந்து போன நீயும் அவரோடு சேர்ந்து கும்பிட்டு வளர்ந்தவள். ஏன் என்று கேட்டால் தன் கடல் தொழிலைக் கதைக்குள் இழுப்பார். வள்ளம் வெளிக்கிடும்போது கரையில் இருக்கிற கோயிலைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடாமல் எங்கள் ஆட்கள் யார் போனார்களாம். உண்மைதான், எஞ்சின் பிடியை விட்டால் வள்ளம் கொஞ்சம் கோணிப் போகும், ஆனால் எதிரில் லொறி வராதே என்று கேட்டேன், மனிசன் வெற்றிலையைத் தேடினார். சிரித்து முடிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. லைசன்ஸ் கிடைத்தால் பின் சீற்றில் அருட்செல்வன் இருப்பான். நீ கையை விடுகிற அந்த ஒரு நொடியில் ஏதாவது நடந்தால் என்ன செய்வது. அவனைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிறாய் என்று நினைத்தாலும் மனம் கேட்குதில்லை. ஆகவே அடுத்த சோதனையில் நீ சித்தியடையத்தான் வேண்டும், இந்தப் பழக்கமும் போகத்தான் வேண்டும்.

நேரே கோயில் ஐயரிடம் போய், கோயிலைக் கண்டும் கையெடுக்காமல் போனால் பிள்ளைக்குக் குற்றம் வருமா என்று கேட்டேன். “பிள்ளை ரெண்டு கையையும் ஸ்ரியரிங்கிலை வைச்சிருக்கட்டும். அவவுக்காக நீங்கள் கும்பிடுங்கோ, போதும்” என்றார். அன்று தொடக்கம் அப்பாவுக்கும் அதே சட்டம். அவர் ஓட்டுகிறார், பின்னால் இருந்து நான் கும்பிடுகிறேன். மனிசன் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய் இருக்கிறார், கோயில் தாண்டினதும் “கும்பிட்டனியே?” என்று ஒரு கேள்வி. “ஓம், உங்களுக்கும் சேர்த்துத்தான்” என்கிறேன். போன கிழமை சந்தியில் நான் கைதூக்கினதைப் பத்மாவதி அக்கா தனக்கென்று நினைத்து, நாங்கள் மறையும்வரைக்கும் கைகாட்டிக்கொண்டு நின்றா.

அங்கே வலப்பக்கம் ஓடுகிற ஊர், யோசனையில் எங்கள் ஊர் மாதிரி இடப்பக்கத்துக்குப் போய்விடாதே. பனி கொட்டினால் வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, மெல்லப் போ. அருட்செல்வன் எவ்வளவு அழுதாலும் அவனுடைய சீற்றில் பட்டி போட்டுத்தான் வைக்க வேண்டும், அழுகிறவன் கொஞ்சத்தில் நித்திரையாகிவிடுவான். கார் ஓடிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தால் உடனே வைத்துவிடுவேன், அம்மாவுக்குக் கோபம் என்று நினைக்காதே.

சந்தோசமான சங்கதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எனக்கு விசா வந்துவிட்டது மகள், தைப்பொங்கல் முடிய வருகிறேன். அப்பா வள்ளத்தை விட்டு வரமாட்டாராம். நான் போனால் பின்னால் இருந்து யார் கும்பிடுவது என்று கேட்டேன், நான் திரும்பி வரும்வரைக்கும் கோயிலுக்கு நடந்தே போவதாகச் சொல்கிறார். விமான நிலையத்துக்கு மருமகனை அனுப்பாதே, நீதான் கார் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாச் செல்வமும் பெற்று, குடும்பத்தோடு நீடூழி வாழ முருகன் உனக்குத் துணையிருப்பான். ஒன்றை மட்டும் மறவாதே. வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கோயில் வரும், நான் உன் பக்கத்தில் இருப்பேன். நீ றோட்டைப் பார் மகள், உனக்கும் சேர்த்து நான் கும்பிடுகிறேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
க. இராசமலர்