இழுத்தால் திருப்பி இழுக்கும் புல்

அக்கா, இன்று வெள்ளிக்கிழமை. உன் வாசலில் அருகம்புல் கிள்ளி, பிள்ளையாருக்கு மாலை கட்டிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பச்சை வாசனை போகவில்லை. நீ போனபோது எனக்கென்று விட்டுப்போன சொத்து இதுதான். பெரிய மனசு உனக்கு.

ரப்பர்த் தோட்டத்தில் நீ முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு, லாலாங் என்ற களைப்புல்லைக் கொல்ல மருந்தடித்தவள். நான் லாரி ஓட்டியவன். தோட்டத்தை விட்டுப் புக்கிட் பெருவாங்குக்குக் குடிவந்த பிறகு வாசலோரம் பாய் அகலத்துக்கு அருகம்புல் நட்டாய். நான் சும்மா இருப்பேனா?

"என்னக்கா, ஆயுசு பூரா புல்லக் கொன்னதுக்குப் பரிகாரமா?"

"போடா கொரங்கு. புல்லு எப்படிச் சாகும், எப்படிச் சாகாதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு டயருதான் தெரியும்."

ஒவ்வொரு வருஷமும் சீனப் புத்தாண்டு வெயிலில் அது காயும். உயரமாக நின்ற தண்டுகள் முதலில் போகும். "கருமாதி எப்போக்கா?" என்பேன். நீ குனிந்து, மண்ணோடு ஓடும் கொடியை லேசாக இழுப்பாய்.

"எலயப் பாக்காதடா. இழுத்துப் பாரு. திருப்பி இழுத்துச்சின்னா உயிரு இருக்கு."

லாலாங் கற்றுக்கொடுத்த பாடம் அது. மேலே கருகிக் கிடக்கும், அடியில் வேர் பிடித்துக்கொண்டிருக்கும். மழை விழுந்ததும் கணுவுக்குக் கணு ஊசி மாதிரி குருத்து விடும். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

இந்த வருஷ வெயிலில் தண்ணீர் ஊற்ற நீ இல்லை. வாசல் முழுக்கப் படர்ந்திருந்த புல் மொத்தமும் வைக்கோல் நிறமாகிவிட்டது. உன் மருமகள், "செத்த புல்லுதானே மாமா? சிமெண்டு போட்டா காடி நிறுத்தலாம்லா" என்றாள். சிமெண்டுக்காரன் வந்த அன்று காலையில் நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் புல் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அங்கிள், கொஞ்சம் எந்திரிங்கலா."

"முட்டி பிடிச்சுக்கிச்சுப்பா. என்னையும் சேத்துப் பூசிடு. வாசல்ல ஒரு சாமி இருந்துட்டுப் போகட்டும்."

மருமகளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பொண்ணு, ஒரு தடவ இழுத்துப் பாரு. கையோட வந்துச்சின்னா நானே சிமெண்டு கலக்குறேன்" என்றேன்.

இழுத்தாள். கையோடு வந்துவிட்டது, அக்கா! சொன்னபடி எழுந்து நாற்காலியைத் தூக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை சொல் தவறவில்லை என்று நீ சொல்லியிருப்பாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, வாசலை ஒட்டிய சாக்கடைக் கால்வாய் ஓரமாகப் போய் இன்னொன்றைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ மாமா, இது விடமாட்டேங்குது!"

அவளே விட்டுவிட்டாள். பாதி இடத்துக்குத்தான் சிமெண்டு. கால்வாய்ப் பக்கம் உன் புல்லுக்கு. மழை வந்தது, குருத்தும் வந்தது. இப்போது ஒரு கொடி சிமெண்டின் மேலேயே ஏறி, அவள் காடியின் டயருக்குக் கீழே நுழைகிறது. அதை வெட்டச் சொன்னால், "அது பாட்டுக்குப் போகட்டும் மாமா" என்கிறாள் உன் மருமகள்.

போன வாரம் முட்டி வலிக்குக் கிளினிக் போனேன். நர்சுப் பொண்ணு என் காலைப் பிடித்து இழுத்து, "வலிக்குதா தாத்தா?" என்றாள். நான் வெடுக்கென்று திருப்பி இழுத்தேன்.

"ஏன் தாத்தா?"

"ஒண்ணுமில்லம்மா. இருக்கேனான்னு பாத்துக்கிட்டேன்."