கீழ் லயத்துக்கு முதல் தண்ணீர்

மச்சான்,

இந்தக் கேமரன் மலையில் ஒருவர்கூட நம்பமாட்டாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று என் மீசையின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். நம்பாவிட்டால் என்னைத் திட்டிப் பயனில்லை, கதை உன்னுடையது.

இன்று காலை தண்ணீர் லோரி வந்தது. மழையில் மண் சரிந்து மேட்டுக் குழாய் மறுபடியும் உடைந்திருக்கிறது. லோரியின் ரப்பர் குழாயிலிருந்து அந்த ஈர வாடை வந்ததும் நீ என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். நீ போய்ச் சேர்ந்தபிறகு, சில வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேயிலைக் கவாத்தும் வெட்டியாகிவிட்டது. இப்போது தோட்டக் கமிட்டித் தலைவர் நான்தான். சிரிக்காதே.

நான் சொல்லவந்த அந்த நாளிலும் இதே குழாய்தான் உடைந்தது. வந்தது லோரியா? கப்பல்! வாளி வரிசை கம்போங் ராஜா டவுனைத் தாண்டி சயாம் எல்லைவரை போனது. கடைசியில் நின்றவரிடம் பாஸ்போர்ட் கேட்டார்கள்.

கங்காணி காலத்திலிருந்தே நம் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எது வந்தாலும் முதலில் தலைவர் வீட்டுக்கு. திருவிழாப் பொங்கலானாலும் சரி, குடிதண்ணீரானாலும் சரி. அப்புறம் கமிட்டி ஆட்கள், அப்புறம் மேட்டு வீட்டு வரிசையான மேல் லயம். கீழ் லயத்தில் இருந்த வங்காளதேசத்துத் தொழிலாளர்களுக்கு, மிச்சம் இருந்தால். மிச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்த வாரம் அவர்கள் ஓடையின் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். ஒரு பையன் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான். ஜெபக்கூடத்துக்குப் போகிற வழியில் நீ அவனைப் பார்த்திருக்கிறாய்.

அன்று தலைவர் நீ. லோரி உன் வீட்டு வாசலில் நிற்கப் போனது. நீ கையை ஆட்டி அதை நேராகக் கீழ் லயத்துக்கு அனுப்பி, நீயே பின்னால் போய்க் குழாயைப் பிடித்தாய்.

"தலைவரே, நாளைக்கு என் மகளுக்கு நிச்சயம்! சம்பந்தி வீட்டாளுங்க வராங்க. நேத்து வந்த பங்களாதேஷ்காரனுக்கு மொதத் தண்ணியா?" மேல் லயத்து மாரிமுத்து அண்ணன் போட்ட சத்தத்தில், துளிர்த்த கொழுந்தெல்லாம் பயந்து செடிக்குள் திரும்பிப் போயிற்று.

"அங்க ஒருத்தன் படுத்துக் கெடக்குறாண்ணே. உங்க வீட்டுக்கும் வரும். என் வீட்டுக்குத்தான் கடைசி."

"வர்றதுக்குள்ள தீந்துட்டா? அடுத்த கூட்டத்துல உன்னைத் தூக்கிருவோம்லா!"

"தூக்குங்க. மொதல்ல இந்த வாளியத் தூக்குங்க, வழியில நிக்குது."

நான் உன் காதோரம், "ஏன் மச்சான், பதவி கசக்குதா?" என்றேன்.

"ஆண்டவரு சீஷங்க காலையே கழுவுனாரு மச்சான். நான் தண்ணியாவது புடிச்சு ஊத்த வேணாமா?"

உன் வாயிலிருந்து நான் கேட்ட மொத்தப் பிரசங்கமும் அவ்வளவுதான். முருகன் கோயில் கமிட்டிக்காரனான என்னை நீ ஒருநாளும் உங்கள் கூடத்துக்கு வா என்று இழுத்ததில்லை.

மாரிமுத்து வீட்டு அண்டா நிறைந்தது. உன் வாசலுக்கு வந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. உன் மனைவி எஸ்தர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "தலைவர் பொண்டாட்டிக்கு நல்ல ராஜமரியாதை! அண்ணே, இந்த மனுசனுக்கு ஓட்டுப் போட்டது யாரு?"

"சத்தியமா நான் இல்ல தங்கச்சி" என்றேன். இரண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போட்டவன் நான்.

கொஞ்ச நேரத்தில் கீழ் லயத்துப் பையன்கள் இருவர் ஒரு வாளியின் காதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள். தங்களுக்குக் கிடைத்த தண்ணீர். எஸ்தர் எழுந்து, கவிழ்த்த வாளியை நிமிர்த்தி வைத்தாள். எதிர் வாசலிலிருந்து மாரிமுத்து அதைப் பார்த்தார்.

மறுநாள் நிச்சயத்துக்கு அந்தப் பையன்களே நாற்காலி சுமந்தார்கள், பந்தல் கட்டினார்கள். அந்தப் பந்தலின் நிழல் தானா ராத்தா டவுன்வரை விழுந்து, ஆஸ்பத்திரியில் பட்டப்பகலில் விளக்குப் போட்டார்கள். மாரிமுத்து அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்தார். "உக்காருங்கடா தம்பிகளா, சோறு ஆறுது!" கூட்டத்தில் உன்னைத் தூக்கும் பேச்சே எழவில்லை.

இன்று காலை லோரிக்காரர் புதியவர். என் வாசலில் நிறுத்தப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன், கைத்தடியோடு முனையில் நின்ற மாரிமுத்து அண்ணன் பாய்ந்தார். "ஓய், கீழ போலா! தலைவர் வீடு கடைசி. இதுகூடத் தெரியாம எவன்யா லோரி ஓட்டுறது?"

சரி மச்சான். கப்பல், பாஸ்போர்ட், பந்தல் நிழல் எல்லாம் நான் தூவிய மசாலா. முழுக்கதையும் புளுகு என்று என் பேரப்பிள்ளைகள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். போகட்டும். ஒரு சின்னத் துண்டுக்கு மட்டும் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன். மாரிமுத்து கத்தியபோது குழாயைப் பிடித்திருந்த உன் கை நடுங்கியது. தண்ணீர் வாளிக்கு வெளியே சிந்தியது. பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். உன் அடக்க ஆராதனையில் எல்லாரும் உன்னைப் பயமே அறியாதவன் என்றார்கள், நான் திருத்தவில்லை. நீ நன்றாகப் பயந்தாய், குழாயை மட்டும் அந்த இடத்தைவிட்டு எடுக்கவில்லை. இப்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது எதிர்த்து எழுந்தால் என் கையும் நடுங்குகிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, பேச ஆரம்பிக்கிறேன்.