ரவிக்கைக் கைக்கு வெட்டிய பாட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தையல் மெஷினும் நானும் நலம். அதற்கு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடுகிறது. என் முழங்காலுக்கு அந்த வசதி இல்லை.

நீ தொகுத்த அம்மாவின் பாட்டுப் புத்தகம் நேற்றுக் கைக்கு வந்தது. நீ அனுப்பியதல்ல, பட்டன் கடைக்காரர் அம்மா இருக்கும் மடத்தில் வாங்கி வந்தார். முன்னுரையை நம் கடையில் நின்றபடி உரக்கப் படித்துவிட்டு, "ஏன்யா, இவ்வளவு கொடுமைக்காரனா நீ? உன்னை நம்பியா என் பேண்ட்டைக் கொடுத்தேன்?" என்றார். நானும் சிரித்தேன். அவர் போனதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானே படித்தேன்.

"பக்தியைப் பொறுக்காத கணவர் கத்தரியால் வெட்டி எறிந்ததால் இந்தப் பாட்டு பாதியில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறாய். நான் கெடுத்த சட்டைகளைப் பற்றி எழுதியிருந்தால் கைகட்டி ஒத்துக்கொண்டிருப்பேன்.

கண்ணு, அன்றைக்கு நீ அங்கேதானே இருந்தாய்? உனக்குப் பத்து வயது. பாட்டு வந்துவிட்டால் அம்மாவுக்கு அடுப்பில் பால் இருப்பதுகூட மறந்துவிடும். என் மேஜையில் கிடந்த பழுப்புத் தாளில் எழுதிவிட்டுப் போய்விட்டாள். திருப்பிப் பார்க்காமல் அவள் ரவிக்கைக்கே கை அளவு வரைந்து வெட்டிவிட்டேன். "அப்பா, பாட்டுக்குக் கை வெட்டிட்டீங்க!" என்று நீதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவளும் சிரித்தாள். "அளவு சரியா இருக்கு, வச்சுக்குங்க" என்றாள். மீதித் தாளை நீ எடுத்துக்கொண்டாய்.

அவள் மடத்துக்குப் போனதிலிருந்து பதினெட்டு வருஷமாக அந்தத் துண்டை வைத்துத்தான் வெள்ளை ரவிக்கை வெட்டி அனுப்புகிறேன். கொடுமைக்காரன் தைத்தது என்று தெரியாமல் போட்டுக்கொள்கிறாள் போல.

ஞானியின் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும், சரி. ஆனால் கடைசியில் "அம்மா முழுவதும் படித்துப் பார்த்து ஆசி வழங்கினார்" என்று போட்டிருக்கிறாயே. அங்கேதான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

உன்னிடம் இருப்பது இவ்வளவு:

வாசலில் நிற்கிறான் ஒருவன், மாயவனே,
உன்னிடம் நான் வரும் வேளையில்.

வழிமறித்த கணவர் என்று அதற்கு விளக்கம் வேறு. என்னிடம் இருப்பது இது:

விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்
நான் தடுக்கி விழாதிருக்க.

எனக்குப் பாட்டு புரியாது. அந்த ஆள் நானாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் விடியுமுன் அவள் கோயிலுக்குக் கிளம்பும்போது நம் வாசலில் விளக்குப் பிடிக்க வேறு ஆள் வைத்த ஞாபகம் இல்லை.

துண்டையே இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் பாட்டை முழுதாகப் போடு. என்னைப் பற்றிய அந்த வரியை எடுத்துவிடு. பாராட்ட வேண்டாம், எடுத்தால் போதும்.

இனி அடுத்த ரவிக்கைக்கு என்னிடம் அளவு இல்லை. அம்மா இளைத்திருப்பாள். கைச்சுற்றை ஒரு நூலில் அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. அளவு கேட்டது யார் என்று அவள் கேட்டால் சொல். கேட்காவிட்டாலும் சொல்.

நீ நன்றாக இரு, கண்ணு.

உன் அப்பா