உன் நெஞ்சை அமுக்க விடாத அக்கா எழுதுவது

என் கண்ணான காமுவுக்கு,

"கண்ணு முன்னால ஒருத்தர் பொத்துனு விழுந்துட்டா நீ முதல்ல என்னக்கா செய்வ?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாய். வெளிநாட்டு ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு நீ காரைக்குடிக்கே திரும்பி வந்த புதிது. நான் குழம்பைக் கிளறிக்கொண்டே, "தண்ணி குடுப்பேன்" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அறிவியல் டீச்சரே இப்படிச் சொன்னா நான் ஊருக்குள்ள போயி என்னத்தச் சொல்றது?"

அந்த ஒரே கேள்வியோடு கோவிலூர், ஒக்கூர், கொத்தமங்கலம் என்று வீடு வீடாகப் போனாய். விசிறுவோம் என்றார்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுப்போம் என்றார்கள். திருநீறு பூசுவோம், ஆட்டோ பிடிப்போம் என்றார்கள். நெஞ்சில் கைவைத்து அமுக்குவோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. விழுந்தது பெண்ணாக இருந்தால், யாராவது பொம்பளை வரட்டும் என்று ஆண்கள் தள்ளி நிற்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வந்தாய். அன்று நீ சாப்பிடவில்லை. "மரியாதை குடுத்தே கொன்னுருவாக போலக்கா" என்றாய்.

நின்றுபோன இதயத்தைத் திரும்ப ஓடவைப்பது எப்படி என்பதுதான் உன் வாழ்நாள் படிப்பு. எந்தக் கூட்டத்தில் பேசினாலும் கடைசியில் ஒருவர் எழுந்து, உங்கள் குடும்பத்தில் யாரை அப்படிப் பறிகொடுத்தீர்கள் என்று உருக்கமாகக் கேட்பாராம். "யாரும் சாகலைங்க, எனக்கு ஆர்வமா இருந்துச்சு" என்று நீ சொன்னதும் அவர் முகம் தொங்கிவிடும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் இன்னொன்றும் சொல்வாய். "எந்தொழில்ல தோத்ததுதாங்க்கா அதிகம். பொழச்சு எந்திரிச்சுப் போனவுகளை விரல் விட்டு எண்ணிரலாம்." அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டாய்.

ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ ஆண்டுகள் இருந்த பிறகு ஒன்று உனக்குப் புரிந்ததாம். ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்பவரின் கைதான் மருந்து. அதனால்தான் ஊருக்கு வந்தாய். உன்னோடு வேலை பார்த்த பெரியவர்கள், "கிராமத்துப் பெண்களுக்கு வகுப்பு எடுப்பதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று கேட்டபோது, ஆமாம் என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினாய்.

உன் வகுப்புக்கு உதாரணம் கொடுத்தவள் நான்தான் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கர்வம் உண்டு. மாரடைப்பு என்பது குழாயில் அடைப்பு. இதயம் நின்றுபோவது என்பது மோட்டாரே நின்றுவிடுவது. கரண்டு போய் மோட்டார் நின்றால் வீட்டில் என்ன செய்கிறோம்? சும்மா உட்கார்ந்திருக்கிறோமா? கரண்டு வரும்வரை அடிபம்பை அடித்துக்கொண்டிருக்கிறோம். நெஞ்சை அமுக்குவதும் அதேதான். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "இதுக்குத்தான் டீச்சர் வேணுங்கிறது" என்றாய்.

அடுத்து, பழகிப் பார்க்க ஒரு பொம்மை வேண்டும் என்றாய். கடையில் விற்கும் பொம்மையின் விலையைக் கேட்டு மலைத்துப் போய், உன் அத்தானின் தச்சுப் பட்டறைக்கு வந்தாய். இவர் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பழைய சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங்கை வைத்தார். முதல் பெட்டியை யாராலும் அமுக்க முடியவில்லை. "அத்தான், இது நெஞ்சா, பீரோவா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாய். ஒருவழியாக, சரியான ஆழத்துக்கு அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வருகிற பெட்டி கிடைத்தது. வகுப்புக்கு வந்த பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வகுப்பின் முதல் மாணவி பாண்டியம்மா. நம் எதிர்வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழல் அச்சை அழுத்தி அழுத்தி உரமேறிய கை. அவள் அமுக்கினால் மாப்பிள்ளை தவறாமல் 'டக்' 'டக்' என்பான். "எம்புருசனை நெனச்சுக்கிட்டு அமுக்குறேன் டாக்டரம்மா, அதான் கை அசரல" என்பாள். கூடம் முழுக்கச் சிரிப்பு எழும். நீயும் சிரித்துவிட்டு, "கடைசியா ரெண்டு இழுப்பு இழுக்கும், அதைப் பாத்துட்டு மூச்சு இருக்குன்னு ஏமாந்துராதீக, அமுக்குங்க" என்று சொல்லிக்கொடுப்பாய்.

அப்புறம்தான் உனக்குக் கணையத்தில் அந்த நோய் வந்தது. கண்டுபிடித்தபோதே அது பரவியிருந்தது.

ஒரு மதியம். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, எம்மூச்சு நிக்கிறப்ப நீ அமுக்கக்கூடாது" என்றாய். நான் உன் காலை விட்டுவிட்டேன். "ஊருக்கெல்லாம் அமுக்கச் சொல்லிட்டு இது என்னடி பேச்சு?" என்றேன்.

"நீ சொன்ன அடிபம்புதாங்க்கா. கரண்டு போனா அடிக்கலாம், சரி. அடியில தண்ணியே வத்திப்போன பெறகு அடிச்சா என்ன வரும்? கைவலியும் சத்தமுந்தான்." நான் விட்ட காலை மறுபடி என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாய்: "இப்படிப்பட்ட உடம்புல எத்தனை பேருக்கு நான் அமுக்கியிருக்கேன் தெரியுமா? விலா எலும்பு முறியுற சத்தம் இன்னும் கையில இருக்கு. எனக்கு அது வேண்டாம். நீ கையைப் பிடிச்சுக்க, போதும்."

வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வருகிற மருத்துவரிடமும் அதைச் சொல்லிவைத்தாய். அவரும் அதுதான் சரி என்றார். வகுப்புப் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டபோது, "அதை நானே சொல்றேன், நாஞ்சொன்னாத்தான் கேப்பாக. கொஞ்சம் எந்திரிச்சு உக்கார முடியட்டும்" என்றாய். எழுந்து உட்கார முடியவே இல்லையே, காமு.

அந்தக் காலையில் உனக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன் முகம் மாறியிருந்தது. நான் எழுப்பிய சத்தம் எதிர்வீடு வரைக்கும் போயிருக்கிறது. பாண்டியம்மா மாவுக்கையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே வகுப்புப் பெண்கள் இன்னும் நாலைந்து பேர். நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒருத்தி 108க்குப் போன் போட, ஒருத்தி வாசலை மறைத்த கூட்டத்தை விலக்க, பாண்டியம்மா உன்னைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்க வந்தாள். ஒரு பிழை இல்லை. நீ பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாய்.

நான் குறுக்கே விழுந்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டேன்.

"நகருங்க டீச்சர்! எனக்குத் தெரியும்!"

"வேண்டாம் பாண்டியம்மா."

"என்ன வேண்டாங்கிறீக? இழுக்குது பாருங்க. இது மூச்சில்ல டீச்சர், நின்னு போச்சு. அவுகதான சொல்லிக்குடுத்தாக!"

"அவதான் வேண்டாம்னா. விட்ரு."

"எங்ககிட்டச் சொல்லலையே! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

தேன்குழல் அழுத்திய கையை என் கை எப்படிப் பிடித்து நிறுத்தியது என்று இன்றுவரை தெரியவில்லை. அவளாகத்தான் விட்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அது உனக்குத் தெரிந்ததா, காமு? நீ கேட்டபடி பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்துதான் போனாயா? இல்லை, நாங்கள் போட்டுக்கொண்ட சண்டைதான் கடைசியாகக் காதில் விழுந்ததா?

என் சேலையில் அவள் கைமாவு ஒட்டியிருந்தது. அந்தச் சேலையை மறுபடி கட்ட மனம் வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் வாசலில் நின்றே பேசிக்கொண்டார்கள். "ஊரையெல்லாம் காப்பாத்துன பிள்ளை. தெரிஞ்ச கை அத்தனை இருந்தும் அக்காகாரி தொடவிடல." நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. பாடம் நடத்தியே வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு பாடத்தை நடத்தத் தெம்பில்லை. பாண்டியம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரும் புதிருமாக வாசல் தெளிப்போம், அவள் நிமிரமாட்டாள். மாப்பிள்ளை கட்டிலுக்கடியில் கிடந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே யோசனை. அமுக்க விட்டிருந்தால் இன்னும் ஒருநாளாவது இருந்திருப்பாயோ? உன் படிப்பு இல்லை என்றது. என் மனம் கேட்கவில்லை.

போன வாரம் பாண்டியம்மா வாசற்படி ஏறி வந்தாள். ஒக்கூரில் அவள் அம்மா வீட்டுத் தெருவில் ஒருவர் விழுந்துவிட்டாராம். சுற்றி நின்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்களாம். இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"அந்த மாப்பிள்ளையைக் குடுங்க டீச்சர். அங்குட்டுப் பொம்பளைகளுக்குச் சொல்லிக்குடுக்கணும்."

இழுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவள் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். 'டக்' என்றது. அத்தனை நாள் கழித்து அந்தச் சத்தம் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா என்னதான் சொன்னாக?"

அடிபம்பையும் அடியில் வற்றிய தண்ணீரையும் சொன்னேன். விலா எலும்புச் சத்தத்தைச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "அப்பயும் எங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள். ஆமாம் என்றேன். நீ என்ன சொல்வாய், காமு?

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். "நான் இப்பயே சொல்லிப்புடுறேன். நான் விழுந்தா அமுக்கணும். எலும்பு ஒடிஞ்சாலும் பரவால்ல, விடாம அமுக்குங்க. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் என்னைக் கிடத்திராதீக." நீ போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

இந்தச் சனிக்கிழமை அவளோடு நானும் ஒக்கூருக்குப் போகிறேன், காமு. அவள் அமுக்கக் கற்றுக்கொடுப்பாள். நீ எழுந்து உட்கார்ந்து சொல்ல நினைத்ததை நான் சொல்வேன். திடீரென்று விழுந்தவரைக் கேள்வி கேட்காமல் அமுக்கவேண்டும் என்பதையும், தீராத நோயில் படுத்திருப்பவரை முன்கூட்டியே கேட்டுவைக்கவேண்டும் என்பதையும் ஒரே வகுப்பில் சொல்வேன். என் முழங்கால் ஒத்துழைக்கும்வரை நிறுத்தமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இன்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, உங்கள் வீட்டில் நாள்பட்ட நோயோடு இருப்பவரிடம், மற்றவர்கள் காதிலும் விழும்படி கேளுங்கள்: "உங்க மூச்சு நிக்கிறப்ப நாங்க அமுக்கணுமா, கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த,
அக்கா செல்லம்மா