சந்திரமதியின் சுருட்டைமுடிக்கு வழி கிடைத்தது

குளுவாங் ரயில்வே லைன்,
1934, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் செல்வராணிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் தங்கை சந்திரமதியும் இங்கே சுகமாக இருக்கிறோம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகம் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் உன் கடிதத்தின் மற்ற வரிகளுக்கே போனேன். தலை சீவிவிடக்கூட ஒரு பெண் இல்லாத வீட்டில் தங்கச்சி எதற்கு, இங்கே அனுப்பிவிடுங்கள், நான் வளர்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் மனசு சுருக்கென்றது, பிறகு நீ சொல்வதும் நியாயம்தான் என்று தோன்றியது. அவளைக் கொண்டுவந்து விட ஸ்டேஷனில் இலவச ரயில் பாஸுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா, அதற்குள் இங்கே பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது. அதைச் சொல்லும் அவசரத்தில் எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நான்தானே அவளுக்குச் சீவினேன். அவளுக்கு உன்னைப் போல நீட்டமான கோரைமுடி இல்லை, போய்ச் சேர்ந்த உங்கள் அம்மாவுடைய முடி, அதிலும் இரண்டு பங்கு சுருட்டை. சீப்பை வைத்தால் பல் உடைகிறது, பிள்ளை போடுகிற சத்தத்தில் லைன் வீடுகள் முழுக்க எட்டிப் பார்க்கின்றன. அழுகிறாளே என்று மேலாக நீவி ரிப்பன் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன், அடியில் பிடரிப் பக்கம் சிக்கு விழுந்து, விழுந்தது இறுகி, உள்ளங்கை அகலத்துக்குச் சடை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பிக்க, இனிமேல் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். அர்ச்சுனன் வாத்தியார் வீடு தேடி வந்து, "பரீட்சை வருதுங்க, நல்லாப் படிக்கிற புள்ள, எப்படியாச்சும் அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு ராஜம்மா கத்தரிக்கோலோடு வந்து, "மொட்டை போட்டுருங்கண்ணே, மறுபடி முளைக்கிறது நீட்டமா முளைக்கும்" என்றாள். சுருட்டைமுடி சோறு போடும் என்றுதானே சொல்லுவார்கள், கோரைமுடியைப் பற்றி நல்லபடியாக ஒன்றும் சொல்லவில்லையே என்றேன், நீ கோபித்துக்கொள்ளாதே. ஆனாலும் எனக்கும் வேறு வழி தெரியவில்லை, சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் உன் தங்கை தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அங்கிருந்தே, "மொட்டை போட்டா நான் அக்கா வீட்டுக்கும் போகமாட்டேன்" என்றாள். ராஜம்மா கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், முடி தேங்காய் நார் மாதிரி முறுக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து போடுகிற டிரெஸர் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார், அதன் நாற்றத்தை நினைத்தே விட்டுவிட்டேன். அப்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் இந்த ஊர் மழை கொட்டியது, உன் தங்கை துணி எடுக்க ஓடித் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். துவட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். காய்ந்திருக்கும்போது புதர் மாதிரி நிற்கிற முடி, நனைந்ததும் தனித்தனிச் சுருளாகப் பாகற்கொடி போல அமைதியாகத் தொங்குகிறது. சீப்பை எடுக்காமல் விரலை விட்டுப் பார்த்தேன், போகிறது, பிள்ளையும் அழவில்லை. இத்தனை நாளும் காய்ந்த தலையோடல்லவா சண்டை போட்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த ஓய்வு நாளில் உட்கார்ந்துவிட்டேன். முதல் நாளே தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவி ஊறவைத்தேன், காலையில் செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பில் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கலந்து தலை நிறைய ஊற்றினேன். கூட்ஸ் ஷெட்டில் தார்ப்பாய்க் கயிறு சிக்கிக்கொண்டால் நடுவில் பிடித்து இழுக்கமாட்டோம், நுனியிலிருந்துதான் பிரிப்போம், அதே மாதிரி நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினேன். மத்தியானச் சோறு மறந்துபோச்சு, பிள்ளை என் முழங்காலில் சாய்ந்து தூங்கியே போனாள். கடைசி முடிச்சு கையோடு வந்தபோது எனக்கு மெயில் வண்டியை நானே தள்ளிக்கொண்டு போய்ச் சிங்கப்பூரில் விட்டது போல இருந்தது. எழுப்பிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன், பிடரியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அந்தச் சந்தோஷத்தில் புத்தி கெட்டுக் காய்ந்த தலையில் சீப்பை விட்டேன், இலவம்பஞ்சு வெடித்த மாதிரி ஆகிவிட்டது, அவள் அழ ராஜம்மா சிரிக்க ஒரே கூத்து. அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம், எது வேண்டும் எது வேண்டாம் என்று உன் தங்கையே சொல்லுகிறாள். சீயக்காய் கிடையாது, வாரம் ஒரு தடவை பயற்றமாவும் தேங்காய்ப்பாலும். ஈரம் இருக்கும்போதே விரலால் கோதி, பாசார்ச் சந்தையில் வாங்கிய அகலப்பல் கொம்புச் சீப்பால் நுனியிலிருந்து சீவி, இறுக்காமல் இரண்டு பின்னல். படுக்கும்போது தலையைச் சுற்றிப் பட்டுத் துணி, இல்லையென்றால் தலையணையில் உரசிப் பழையபடி சிக்கு விழுகிறது. அதற்காக என் பட்டு உத்தரீயத்தைக் கிழித்ததைப் பார்த்து ராஜம்மா, "அலமாக், கல்யாணப் பட்டையா கிழிச்சீங்க" என்று வாயில் கை வைத்தாள். எனக்கு இனிமேல் எந்தக் கல்யாணம்?

இப்போது பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போகிறாள், பின்னல் இரண்டையும் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு. சாமியார் என்று கூப்பிட்ட பிள்ளைகளே வந்து, சுருளை இழுத்துவிட்டால் திரும்ப ஏறிக்கொள்கிறதே என்று வேடிக்கை பார்க்கிறார்களாம்.

ஆனாலும் நீ கூப்பிட்டது கூப்பிட்டதுதான், அவளைக் கேட்காமல் நான் முடிவு சொல்லக்கூடாது. முந்தாநாள் காலையில் பின்னிக்கொண்டே, அக்கா உன்னை அங்கேயே வந்து இருக்கச் சொல்லுகிறாள், பாஸும் வந்துவிடும், போகிறாயா என்று கேட்டேன். "அக்காவுக்கு இப்படிச் சீவத் தெரியாதுப்பா, காய்ஞ்ச தலையிலதான் இழுப்பாங்க. லீவுக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம், நீங்களும் வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதைக் கேட்டதில் எனக்கு அந்தப் பக்கத்துப் பின்னல் கோணிப்போய்விட்டது. அவிழ்த்துத் திரும்பப் பின்னுகிறேன் என்றேன், "இருக்கட்டும்பா, மணி அடிச்சிருவாங்க" என்று கோணல் பின்னலோடே ஓடிவிட்டாள்.

நீ வருத்தப்படக்கூடாது அம்மா. தாய் மாதிரி அவளை அழைத்த உன் மனசு எனக்குத் தெரியும். பள்ளி லீவு விட்டதும் இரண்டு பேரும் பினாங்குக்கு வருகிறோம், பாஸை அதற்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மாசமாக இருக்கிற பெண், வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. பிறக்கிற பிள்ளைக்கு எந்த முடி வந்தாலும் அடித்துப் பிடித்துச் சீவவேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் ஆலமரமாய்த் தழைத்து, பிள்ளை குட்டியோடு நிறைவாக வாழ முருகன் அருள்வான். பதிலில் உன் உடம்பைப் பற்றி மறைக்காமல் எழுது.

உன் நலமே நினைக்கும் அப்பா,
கா. சதாசிவம்.